வாய்ப்புண் என்று தொடங்கிய வருத்தம்: பெம்பிகஸ் பற்றி எனக்கு யாரும் சொல்லாதவை

வாயிலும் தோலிலும் கொப்புளம் எழும்பிப் புண்ணாகும் பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற வருத்தத்தின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டபோது, அந்த வருத்தத்தோடு பல மாதங்களைக் கழித்துவிட்டிருந்தேன். மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் வீட்டோடு இருந்து தையல் தைப்பவள் நான். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார், மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் பக்கத்தில் இந்த வருத்தம் வந்த வேறொருவரை எனக்குத் தெரியாது. கேட்டு அறியவும் ஆளில்லை. இணையத்தில் தமிழில் தேடினால் வாய்ப்புண்ணுக்குத் தேனும் தேங்காய்ப்பாலும் தடவச் சொல்கிறார்கள். அதனால் பட்டதைப் பட்ட வரிசையிலேயே எழுதுகிறேன். மருந்தின் அளவை என்னைப் பார்த்து யாரும் தீர்மானிக்க வேண்டாம். எந்தக் கேள்வியை எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தைப்பொங்கல் கழிந்த கையோடு கன்னத்தின் உட்புறத்தில் புண் வந்தது. பிறகு முரசில், பிறகு அண்ணத்தில். வழமையாக வரும் வாய்ப்புண் வட்டமாக, நடுவில் வெளிறி, ஓரம் சிவந்து, ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். இது அப்படி இருக்கவில்லை. ஓரம் ஒழுங்கில்லாமல் பரந்து கிடந்தது. பல் துலக்கினால் மெல்லிய தோல் உரிந்து பிரஷ்ஷோடு வந்தது. ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. நான் போய்க் காட்டிய பல் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, வெற்றிலை போடுவீர்களா என்பது. எங்கள் ஊரில் அது நியாயமான கேள்விதான். வெற்றிலை பாக்கால் வரும் வாய்ப்புற்றுநோய் நம் நாட்டில் அதிகம். நான் வெற்றிலை தொடாதவள் என்றதும் அவருடைய கவலை தீர்ந்துவிட்டது. பி கொம்ப்ளெக்ஸ் குளிசையும் பூசுவதற்கு ஒரு ஜெல்லும் எழுதித் தந்து அனுப்பினார். என் கவலை தீரவில்லை.

அதன் பிறகு ஊர் வைத்தியம். உடம்புச் சூடு என்றார்கள். இளநீர், வெந்தயம் ஊறிய நீர், மணத்தக்காளிக் கீரை எல்லாம் நடந்தன. எதுவும் கெடுதல் செய்யவில்லை, எதுவும் உதவவும் இல்லை. மிளகாய் இல்லாத பாலாணத்தைக்கூட ஆறவைத்துத்தான் விழுங்க முடிந்தது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுட்டுவிட்டு ஒரு முறுக்கைக்கூடக் கடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பிளவுஸ்களை எனக்கே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துப் போட வேண்டிய அளவுக்கு மெலிந்தேன். குரலும் கரகரத்தது. தொண்டைக்குள்ளும் புண் இறங்கியிருக்கிறது என்பதன் அடையாளம் அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த இடத்திலேயே முதல் விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தைத் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணுக்கு ஜெல் பூசிக்கொண்டிருக்கக் கூடாது. அரச வைத்தியசாலையின் பற்பிரிவில் காட்டி, வாய் முக அறுவை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். புண் எப்போது தொடங்கியது, எங்கெங்கே பரவியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று மாதமாக என்பதைத் தாளில் பார்க்கும்போது வைத்தியரின் முகம் மாறுகிறது. வாயால் சொன்னால் அது கூட்டத்தில் அடிபட்டுப் போகிறது.

வைகாசியில் முதுகிலும் மார்பிலும் கொப்புளங்கள் வந்தன. பிளவுஸ் அழுத்தும் இடங்களிலும் தலைத்தோலிலும் முதலில் வந்தன. தொளதொளவென்று நீர் கட்டி, ஒரு நாள்கூடத் தாங்காமல் உடைந்து, பச்சைப் புண்ணாக விரிந்தன. ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்தார். “புள்ள, இது அம்மாள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுவிடாதே. குளிர்த்தி முடியும் மட்டும் வேப்பிலையில் கிட” என்றார். அவர் அன்போடுதான் சொன்னார். கஞ்சி வடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனவரும் அவர்தான். எனக்கும் அம்மன் மேல் பக்தி உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அம்மாள் வருத்தம், அதாவது சின்னம்மை, காய்ச்சலோடு வரும். சிறிய கொப்புளங்கள் இரண்டு மூன்று நாளுக்குள் உடம்பெங்கும் பரவி, ஒரு வாரமளவில் பொருக்குக் கட்டிவிடும். எனக்குக் காய்ச்சலே இல்லை. பொருக்கும் கட்டவில்லை. புண் ஆறாமல் ஓரம் ஓரமாக அகன்றது. இந்த வித்தியாசத்தை யாராவது அந்த வைகாசியில் சொல்லியிருந்தால் போதும், எத்தனையோ இரவுகள் மிச்சம்.

தைக்கத் தந்திருந்த துணிகளை ஆட்கள் திரும்ப வாங்கிப் போனதுதான் மனதை அதிகம் வெட்டியது. சிலர் நேரே சொன்னார்கள், சிலர் பிள்ளையை அனுப்பினார்கள். ஒரு கல்யாண வீட்டு ஓடர் முழுவதும் போனது. மகளுடைய வகுப்பில் ஒரு பிள்ளை அவள் பக்கத்தில் இருந்து எழுந்து போய்விட்டாள் என்று கேட்ட இரவு, அவளுக்குத் தெரியாமல் கிணற்றடியில் போய் அழுதேன். இது தொற்றாது. தொட்டாலும் ஒரே கோப்பையில் குடித்தாலும் தொற்றாது. கணவன் மனைவிக்குள்ளும் தொற்றாது. கொப்புள நீரில் கிருமியே கிடையாது. உடைந்த புண்ணில் பிறகு வந்து சேரும் கிருமி வேறு கதை. கிளினிக்குக்குப் போனபின் இதை வைத்தியரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி மகளின் வகுப்பாசிரியையிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு பேச்சு அடங்கியது. உங்களுக்கு வந்தால் அந்தக் கடிதத்தை முதல் கிளினிக்கிலேயே கேளுங்கள்.

குளிர்த்தி முடிந்தும் குறையாததால் ஊரில் மருந்து எடுத்தேன். ஓரிடத்தில் சிரங்கு என்று நுண்ணுயிர்க்கொல்லி தந்தார்கள், மற்றோர் இடத்தில் ஹேர்ப்பிஸ் என்று வேறு குளிசை. அரச கிளினிக்கில் சனம் நிரம்பிக் கிடக்கும், தனியார் என்றால் கெதியாக முடியும் என்று எல்லோரும் சொல்ல, மட்டக்களப்பில் தனியார் இடமொன்றில் விசேட வைத்தியரைப் பார்த்தேன். அவர் சந்தேகப்பட்டது சரியான வருத்தத்தைத்தான். அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். தோலில் இரண்டு துண்டு எடுத்துப் பயொப்சி செய்ய வேண்டும் என்றார். ஒன்று சாதாரண நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கு. மற்றது டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ் என்ற பரிசோதனைக்கு. வைத்தியருக்கான கட்டணம், துண்டு எடுக்கும் கட்டணம், இரண்டு பரிசோதனைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தை நெருங்கியது. தோட்டை அடகு வைத்தேன். சில வாரங்கள் கழித்து வந்த இரண்டாவது அறிக்கையில், மாதிரி போமலினில் (துண்டு அழுகாமல் இருக்கப் போடும் திரவம்) அனுப்பப்பட்டதால் பரிசோதனைக்கு உகந்ததல்ல என்று இருந்தது. துண்டு எடுத்த இடத்தில் இரண்டையும் ஒரே மாதிரிப் போத்தலில் போட்டுவிட்டார்கள். கவுண்டரில் கேட்டபோது, திரும்பவும் பணம் கட்டினால் திரும்பவும் எடுக்கலாம் என்றார் அங்கிருந்த தம்பி. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. முதலாவது அறிக்கையோ, எடுத்த புண் பழையது, மேல்தோல் உதிர்ந்துவிட்டது, திட்டமாகச் சொல்ல முடியவில்லை என்றது. அன்று களுவாஞ்சிகுடி பஸ்ஸில் ஏறியவள், இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா டிக்கெட் விழுந்துவிட்டது என்று இரண்டு தரம் சொன்னாராம்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே பெரும்பாலும் இந்தப் பகுதிக்காகத்தான். ஆகவே மெதுவாக வாசியுங்கள். இரண்டு துண்டும் இரண்டு வெவ்வேறு இடத்தில் இருந்து எடுக்கப்பட வேண்டும். சாதாரணப் பயொப்சிக்குப் புதிதாக எழும்பிய கொப்புளத்தின் ஓரம் தேவை. அது போமலினில் போகும். இம்யூனோஃப்ளோரசன்ஸுக்குக் கொப்புளத்துக்குப் பக்கத்தில் இருக்கும், பார்வைக்குப் புண்ணில்லாத நல்ல தோல் தேவை. அது போமலினைத் தொடவே கூடாது. மிஷேல் கரைசல் என்று ஒன்று இருக்கிறது, அதில் பல நாள் தாங்கும். அது கிடைக்காவிட்டால் சாதாரண சேலைனில் போட்டு ஒரு நாளுக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். துண்டு வெட்டும் நேரத்தில், இந்தப் போத்தலில் என்ன திரவம் இருக்கிறது என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்றால் கோபிக்கட்டும்.

அதற்குப் பிறகு பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனேன். விடியப் போய் நம்பர் எடுத்து வெயில் ஏறும் மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் உள்ளே போனதும் வைத்தியர் ஒரே பார்வையில் என் வாயைத் திறக்கச் சொன்னார். இதுவரை தோலைப் பார்த்தவர்களில் யாரும் வாயைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தவர்கள் காலத்தில் தோலில் ஒன்றும் இல்லை. புண்ணுக்குப் பக்கத்து நல்ல தோலை விரலால் மெல்ல அழுத்தித் தள்ளினார். மேல்தோல் வழுக்கி நகர்ந்தது. நிக்கோல்ஸ்கி அறிகுறி என்று பக்கத்தில் நின்ற மாணவர்களுக்குச் சொன்னார். ரஷ்யத் தோல் வைத்தியர் ஒருவரின் பெயராம். வீட்டில் நீங்களாகத் தள்ளிப் பார்க்காதீர்கள், அதுவே ஒரு புதுப் புண். கொப்புளம் கிளினிக் நாளுக்குக் காத்திருந்து எழும்பாது என்பதால், புதிதாக எழும்பினால் எந்த நாளானாலும் காலையில் வந்துவிடும்படி தாதி சொல்லி வைத்தார். எழும்பும் ஒவ்வொன்றையும் திகதியோடு தொலைபேசியில் படம் எடுக்கவும் சொன்னார். இந்த ஒரு பழக்கம் பின்னால் மிகவும் உதவியது.

இரண்டாம் தரம் எடுத்த துண்டைக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்துக்கு மறுநாளைக்குள் சேர்க்க வேண்டியிருந்தது. கொண்டுபோக ஆளில்லை. என் தோலின் துண்டு மிதக்கும் சேலைன் போத்தலைக் கைப்பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு நானே இரவு பஸ் ஏறினேன். முதுகை ஆசனத்தில் சாய்க்க முடியாது. சாய்ந்தால் உடுப்பு ஒட்டும், எழும்பும்போது தோலும் சேர்ந்து வரும். முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்தபடி பொலன்னறுவை, ஹபரணை தாண்டிப் போனேன். சோதனைச் சாவடியில் பையைக் காட்டச் சொன்னால் இதை எப்படி விளக்குவது என்று சிங்களத்தில் வசனம் கட்டிக்கொண்டிருந்தேன்; நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. இப்படிப் போக நேர்ந்தால் வைத்தியர் கையொப்பமிட்ட பரிசோதனைத் தாளை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். போத்தலில் பெயரும் துண்டு எடுத்த நேரமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுகூடம் எத்தனை மணி வரை மாதிரி வாங்கும் என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

அறிக்கை பெம்பிகஸ் என்றது. அடுத்த கிளினிக்கில் வைத்தியர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். என் தொழிலைக் கேட்டுவிட்டுத்தான் வரைந்தார். மேல்தோல் என்பது கலங்கள் அடுக்கடுக்காக நிற்கும் ஓர் இழையம். கலத்துக்கும் கலத்துக்கும் இடையில் பிரஸ் பட்டன் வைத்துப் பூட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பூட்டின் பெயர் டெஸ்மோசோம். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவு. கலத்தின் உள்ளே கெரட்டின் இழைகள் அதில் கட்டப்பட்டிருக்கின்றன. வெளியே டெஸ்மொக்ளீன் என்ற புரதம் நீட்டிக்கொண்டு நின்று, பக்கத்துக் கலத்தில் இருந்து நீளும் புரதத்தோடு பிணைகிறது. அதனால்தான் துணி உரசினாலும் சட்டி பிடித்தாலும் நம் தோல் கழன்று வருவதில்லை. பெம்பிகஸில் உடம்பின் நிர்ப்பீடனத் தொகுதி, அதாவது நோயெதிர்ப்புத் தொகுதி, இந்த டெஸ்மொக்ளீனை அந்நியன் என்று எண்ணி அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை (அன்டிபொடி) உண்டாக்குகிறது. அவை வந்து பற்றியதும் பிணைப்பு விடுபடுகிறது, கலங்கள் தனித்தனியாகப் பிரிகின்றன, இடைவெளியில் நீர் கட்டுகிறது. போமலினில் போட்டால் கெட்டுப்போவதும் இங்கேதான்: கலங்களின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அந்தப் பிறபொருளெதிரியைத்தான் ஒளிரும் சாயத்தால் தேடுகிறார்கள், போமலின் புரதங்களைப் பிணைத்து இறுக்கி அதை மறைத்துவிடுகிறது. என் முப்பதாயிரம் எதில் கரைந்தது என்று அன்றுதான் விளங்கியது. நோயாளியின் இரத்தத்தில் இப்படிப்பட்ட பிறபொருளெதிரிகள் இருப்பதை 1964 இல் அமெரிக்காவில் போய்ட்னர், ஜோர்டன் என்ற இருவர் காட்டினார்கள். அதற்கு முன் ஏன் தோல் கழல்கிறது என்றே யாருக்கும் தெரியாதாம்.

வாயில் மட்டும் மாதக் கணக்காக இருந்துவிட்டு ஏன் பிறகு தோலுக்கு வந்தது என்று கேட்டேன். டெஸ்மொக்ளீனில் வகைகள் உண்டு. வாயின் உட்தோலைப் பெரும்பாலும் பிடித்து வைத்திருப்பது மூன்றாம் வகை. தோலில் முதலாம் வகையும் மூன்றாம் வகையும் சேர்ந்து வேலை செய்கின்றன. தொடக்கத்தில் மூன்றாம் வகைக்கு எதிராக மட்டும் பிறபொருளெதிரி இருந்தால் தோலில் முதலாம் வகை நின்று சமாளித்துவிடும், வாயில் சமாளிக்க ஆளில்லை. பிறகு முதலாம் வகைக்கும் எதிரி உண்டானால் தோலும் விடுகிறது. ஆகவே வாயில் மட்டும் இருக்கும் காலம்தான் பிடிக்க வேண்டிய காலம். சிறு பிள்ளைகளுக்கு வரும் கொப்புளச் சிரங்கில், ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமி விடும் நஞ்சு அதே முதலாம் வகை டெஸ்மொக்ளீனைத்தான் வெட்டுகிறதாம். எனக்குச் சிரங்கு மருந்து தந்தவர் மேல் இருந்த கோபம் அன்று பாதி குறைந்தது. இன்னொரு வருத்தமும் இருக்கிறது, பெயர் புல்லஸ் பெம்பிகொயிட். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும். அதில் கலத்துக்கும் கலத்துக்கும் இடையிலான பிடி விடுவதில்லை. அடிக்கலங்கள் தமக்குக் கீழே இருக்கும் படையோடு கொண்ட பிடி விடுகிறது. கொப்புளம் இறுகி நிற்கும், இலகுவில் உடையாது, அரிப்பு அதிகம், வாயில் அவ்வளவாக வராது. பிறகு என்னைச் சேர்த்த வார்ட்டில் வயல் செய்யும் ஒரு பெரியவர் அதோடுதான் இருந்தார். பார்வைக்கு ஒன்றுதானே என்று ஒருவர் மருந்தை மற்றவர் போடக் கூடாது.

டெஸ்மொக்ளீன் பிணைவதற்குக் கல்சியம் வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், அப்படியானால் கல்சியம் குளிசை போட்டால் தோல் இறுகுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். இரத்தத்தில் இருக்கும் கல்சியமே அதற்குத் தாராளம். கல்சியம் குளிசை தருவது, இந்த வருத்தத்துக்குத் தரும் ஸ்டெரொய்ட் மருந்தால் எலும்பு தேயாமல் இருப்பதற்கு. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதில் எனக்கு ஒரு திருப்தி.

வார்ட்டில் கற்றவை பள்ளிக்கூடத்தில் கற்றவற்றைவிட அதிகம். ஒட்டும் பிளாஸ்டர் எதையும் தோலில் ஒட்ட விடாதீர்கள், கழற்றும்போது தோலோடு வரும். இரத்தம் எடுத்தபின் பஞ்சை விரலால் அழுத்திப் பிடித்தால் போதும். பிரஷர் பார்க்கும் பட்டியை மெல்லிய துணி சுற்றிய கையில்தான் கட்டச் சொல்ல வேண்டும். கொப்புளத்தின் மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுவே புண்ணுக்கு மூடி. பெரிதாகிவிட்டால் தாதி சுத்தமான ஊசியால் நீரை மட்டும் இறக்குவார். புண்ணுக்கு வாசலினும் பரபின் பூசிய வலைத்துணியும் போட்டார்கள். படுக்கையில் சுத்தம் செய்த வாழையிலை விரித்தார்கள். மேல்தோல் இலையில் ஒட்டுவதில்லை. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு முதுகைக் கீழே வைத்துத் தூங்கிய இரவு அது. வாய்க்கு பீட்டாமெத்தசோன் குளிசையை நீரில் கரைத்துக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள், விழுங்கக் கூடாது. குழந்தைகளின் மென்மையான பிரஷ்ஷும், நுரை அதிகம் வராத பற்பசையும் போதும்.

மருந்து என்றால் முதலில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில் தொடங்கினார்கள், ஐந்து மில்லிகிராம் குளிசையில் ஒரு கைப்பிடி. 1950களில் ஸ்டெரொய்ட் வருவதற்கு முன் இந்த வருத்தக்காரரில் பெரும்பாலானோர் சில ஆண்டுகளில் இறந்துவிடுவார்களாம். அதைக் கேட்டபின் குளிசையைத் திட்டுவதை நிறுத்தினேன், ஆனால் முகம் வீங்கியதும் இரவில் தூக்கம் போனதும் நடுச்சாமத்தில் பானையைத் துடைத்துச் சாப்பிட்டதும் உண்மை. சீனி ஏறியது. காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே தரமாகப் போட்டால் தூக்கம் கொஞ்சம் தப்பும். முக்கியமான விடயம், கொப்புளம் நின்றுவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. பல வாரம் வெளியில் இருந்து மருந்து வந்ததால் உடம்பு தன் சொந்த ஸ்டெரொய்டைச் சுரக்க மறந்திருக்கும், திடீரென நிறுத்தினால் மயங்கி விழ நேரும். கிளினிக் கொப்பியை எங்கே போனாலும் பையில் வைத்திருங்கள், பல் பிடுங்கப் போனாலும் காட்டுங்கள். ஊரில் தெரிந்தவர் தரும் தூள் மருந்து எதையும் இந்தக் காலத்தில் சேர்க்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டெரொய்டைக் குறைப்பதற்காக, நிர்ப்பீடனத்தை அடக்கும் அசதையோபிரின் என்ற குளிசையைச் சேர்த்தார்கள். அதற்கு இரத்தக் கணக்கும் ஈரல் பரிசோதனையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். எனக்கு அது போதவில்லை, குறைக்கக் குறைக்கக் கொப்புளம் திரும்பியது. பிறகுதான் ரிட்டுக்சிமாப். பிறபொருளெதிரியை உண்டாக்கும் கலங்களாக மாறும் பி கலங்களை அது அழிக்கிறது. 2017 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில் 90 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ரிட்டுக்சிமாபோடு கொஞ்சக்கால ஸ்டெரொய்ட் பெற்றவர்களில் 89 சதவீதமானோர் இரண்டு ஆண்டு முடிவில் மருந்தே இல்லாமல் நோயின்றி இருந்தார்கள். ஸ்டெரொய்ட் மட்டும் பெற்றவர்களில் அது 34 சதவீதம். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் இந்த வருத்தத்துக்கு அதை அங்கீகரித்தார்கள். வைத்தியர் இதைச் சொன்னபோது, ஏன் எனக்கு முதலிலேயே தரவில்லை என்று கேட்டேன். விலை என்றார் ஒரே வார்த்தையில். வெளியில் வாங்கினால் லட்சக் கணக்கு. அரச வைத்தியசாலையில் நிபுணர் எழுதி அனுமதி கிடைத்ததால் எனக்கு இலவசமாக ஏற்றினார்கள். ஆனால் கடிதமும் காத்திருப்பும் இருக்கின்றன. எனவே அந்தக் கேள்வியைக் கொப்புளம் திரும்பியபின் கேட்காமல், தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். ஏற்றுமுன் ஹெப்படைட்டிஸ் பி, காசநோய்ப் பரிசோதனைகள் செய்வார்கள். ஒரு நாள் முழுவதும் மெதுவாக ஏறும், குளிரும் காய்ச்சலும் வரலாம். துணைக்கு ஓர் ஆளும் ஒரு தடித்த போர்வையும் வேண்டும். எனக்குத் துணை மாமி. அம்மாள் என்று சொன்ன அதே மாமிதான்.

பணக் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. வருத்தத்தின் பெயர் தெரிவதற்கு முன் போனது ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதில் பாதி, தைக்காமல் இழந்த வருமானம். மீதி தனியார் கட்டணமும் பாமசியும் ஆட்டோவும். பெயர் தெரிந்தபின் செலவு பெரும்பாலும் பஸ் காசும் சாப்பாடும் வெளியில் எடுக்கச் சொன்ன சில பரிசோதனைகளும்தான். தோடு இன்னும் அடகில் இருக்கிறது, வட்டி மட்டும் கட்டி வருகிறேன். கணவர் வேலையை விட்டு வருகிறேன் என்றார், நான் மறுத்தேன். அவர் வந்திருந்தால் வட்டியும் கட்ட முடிந்திருக்காது. அந்த முடிவு சரிதானா என்று கேட்டால் இரவில் ஒரு பதிலும் பகலில் ஒரு பதிலும் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தவர்களுக்கு மட்டும் ஒன்று. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தில் இருக்கும்போது மார்கழி, தை வெள்ளத்தில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். வயல் சேற்றிலும் வெள்ள நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுக்குரிய கிருமி இருக்கலாம், தோலில் கீறல் இருந்தால் போதும், நுழைந்துவிடும். சீனி உள்ளவர்களுக்கும் ஸ்டெரொய்ட் எடுப்பவர்களுக்கும் அது கடுமையாக வரும். எலிக்காய்ச்சலும் அதே நீரில்தான். முழங்கால் வரை றப்பர் பூட்ஸ் போடுங்கள். காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டு ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்காமல், கொப்பியோடு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசி எது போடுவதென்றாலும் கிளினிக்கில் கேட்டபின் போடுங்கள், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் இந்தக் காலத்தில் ஆகாது.

இப்போது எனக்குப் பிரெட்னிசொலோன் ஒரு குளிசையில் நிற்கிறது. வாயில் எப்போதாவது ஒரு சிறு புண் வருகிறது, படம் எடுத்து வைக்கிறேன், அடுத்த கிளினிக்கில் காட்டுகிறேன். பள்ளிச் சீருடைகளும் பிளவுஸ்களும் தைக்கிறேன். தடித்த துணி மட்டும் எடுப்பதில்லை, கத்தரிக்கோலை அழுத்திப் பிடித்தால் விரல் இடுக்கில் தோல் நோகிறது. கல்யாண ஓடரைத் திரும்ப வாங்கிப் போன வீட்டார் போன மாதம் வேறொரு மகளின் பிளவுஸுக்குத் துணி கொண்டு வந்தார்கள். வாங்கிக்கொண்டேன், முற்பணத்தோடு.